கைகழுவும் திரவத்தில் உப்பு: கெட்டிப்படாதது, இளகியது, திரிந்தது

உப்பு குறைந்தால் தண்ணி. உப்பு கூடினாலும் தண்ணி. கைகழுவும் திரவமும் பாத்திரம் கழுவும் திரவமும் கலக்குகிறவர்கள் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது வரியில்தான். இளகி நிற்கிற அண்டாவைப் பார்த்ததும் கை தன்னால் உப்பு டப்பாவுக்குப் போகும். அது சரியான பக்கமா, தப்பான பக்கமா என்று பார்க்க மூன்று டம்ளரும் கொஞ்ச நேரமும் போதும்.

திருநெல்வேலிச் சீமையில் இதற்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாளையங்கோட்டையில் தாமிரபரணிக் குடிநீரில் கலக்கி அருமையாக வந்த அதே அளவு, திசையன்விளைப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் கலக்கினால் வேறு சரக்காக வரும். அளவுச் சீட்டில் தப்பு இருக்காது. தண்ணீரே பாதி உப்பைக் கொண்டுவந்திருக்கும்.

முதலில் உள்ளே நடப்பது

இந்தத் திரவங்களின் முக்கியச் சோப்புச் சத்து எஸ்எல்இஎஸ் (சோடியம் லாரில் ஈத்தர் சல்பேட்). அதன் மூலக்கூறின் வாலுக்குத் தண்ணீர் ஆகாது. தலைக்குத் தண்ணீர் வேண்டும். வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே நீட்டிக்கொண்டு ஐம்பது அறுபது மூலக்கூறுகள் கூடி ஓர் உருண்டை ஆகின்றன. அதுதான் மைசெல். தலைகள் எல்லாம் எதிர்மின் ஏற்றம் கொண்டவை; ஒன்றை ஒன்று தள்ளும். தள்ளுவதால் ஒவ்வொரு தலைக்கும் அகலமான இடம் வேண்டியிருக்கிறது. அகலத் தலையும் ஒல்லி வாலும் சேர்ந்தால் உருண்டையாகத்தான் அடுக்க முடியும்.

உப்பைப் போட்டதும் சோடியம் அயனிகள் தலைகளைச் சூழ்ந்து அந்தத் தள்ளலைத் தணிக்கின்றன. தலைகள் நெருங்கி உட்காருகின்றன. இப்போது உருண்டையைவிட நீளக் குழல் வடிவம் வசதி. 1976-ல் இஸ்ரேலாச்விலி, மிட்செல், நினம் மூவரும் இதைக் கணக்காகவே எழுதினார்கள்: வாலின் கனஅளவை, தலை பிடிக்கும் பரப்பும் வாலின் நீளமும் பெருக்கிய தொகையால் வகுத்தால், மூன்றில் ஒன்றுக்குக் கீழே உருண்டை, மூன்றில் ஒன்றுக்கும் பாதிக்கும் நடுவே குழல், அதற்கு மேலே தகடு.

பூந்தியைச் சட்டியோடு சாய்த்தால் உருண்டு கொட்டும். இடியாப்பத்தைச் சாய்த்தால் ஒரே குவியலாக வரும். உப்பில்லாத கரைசல் பூந்தி. அளவான உப்புப் போட்டது இடியாப்பம். மாவு அதேதான், அளவும் அதேதான், உருவம் மட்டும் மாறியிருக்கிறது. ஒரு வித்தியாசம்: இந்த இடியாப்ப இழைகள் அறுந்து, மறுபடி ஒட்டிக்கொண்டே இருக்கும் உயிருள்ள இழைகள். இழுத்தால் ரப்பர் போல் கொஞ்சம் தாங்கும். பிறகு அறுந்து ஒட்டி ஓடிவிடும்.

இன்னும் உப்புப் போட்டால் இழைகள் கிளை விடுகின்றன. கிளை விட்டால் இன்னும் சிக்கிக் கெட்டிப்படும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கிளைச் சந்திப்புகள் இழை மேலேயே வழுக்கி நகரக்கூடியவை. சிக்கு விழுந்த இடமே நகர்ந்து கொடுத்தால் சிக்கு ஏது? கரைசல் இளகுகிறது. அதற்கும் மேலே போனால் கலங்கி, அடுக்காகப் பிரியும். ஆக, உப்புக்கும் கெட்டிக்கும் உள்ள உறவு மேட்டுப் பாதை அல்ல, ஒரு மலை. ஏறும்போதும் இளக்கம் உண்டு, இறங்கும்போதும் இளக்கம் உண்டு.

எங்கே நிற்கிறோம் என்று காட்டும் மூன்று டம்ளர்

எந்தக் கோளாறாக இருந்தாலும் இதை முதலில் செய்யுங்கள். 250 கிராம் உப்பை 750 கிராம் நல்ல தண்ணீரில் கரைத்து 25% உப்புக் கரைசல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று டம்ளரில் சரக்கு 100 கிராம் வீதம் ஊற்றுங்கள். முதல் டம்ளரைத் தொட வேண்டாம். இரண்டாவதில் உப்புக் கரைசல் 2 கிராம். இது அரை சதவீத உப்பு ஏற்றியதற்குச் சமம். மூன்றாவதில் உப்பே போடாத மூலக் கரைசல் 10 கிராம். மூலக் கரைசல் எடுத்து வைக்கவில்லை என்றால் வெறும் தண்ணீர் 5 கிராம். மெதுவாகக் கலக்கி, குமிழ் அடங்க விட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கெட்டிப்பட்டால் உப்புப் போதவில்லை, மலையில் இன்னும் ஏறவேண்டும். மூன்றாவது கெட்டிப்பட்டால் உப்பு மிஞ்சிவிட்டது, மறுபக்கம் இறங்கிவிட்டீர்கள். தண்ணீர் ஊற்றினால் கெட்டியாகிற திரவத்தை முதல் முறை பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். உப்பு மிஞ்சியதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. இரண்டும் இளகினால் உச்சியிலேயே நிற்கிறீர்கள், அல்லது கோளாறு உப்பில் இல்லை. இரண்டிலும் மாற்றமே இல்லை என்றால் சரக்கில் சோப்புச் சத்தே குறைவு.

கண்ணால் மட்டும் மட்டுக்கட்டினால் ஏமாறுவீர்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் 1/8 அங்குல பால்ஸ் ஒன்றும் 100 மில்லி அளவு ஜாடி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜாடியை நிரப்பி, பால்ஸை மேல்மட்டத்தில் வைத்து விட்டு, 15 செ.மீ. இறங்க எத்தனை வினாடி என்று கைப்பேசியில் பாருங்கள். கெட்டி 1000 சென்டிபாய்ஸ் (கெட்டியை அளக்கும் அலகு) பக்கம் இருந்தால் சுமார் 5 வினாடி. 3000 என்றால் 15-க்கு மேலே. இந்த எண்களைப் பிறரோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் நல்ல சரக்கோடு ஒப்பிடுங்கள். அளக்கும் முன் டம்ளர்களைக் கிணற்றில் இறைத்த தண்ணீர் வாளியில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் வேண்டாம், மதியம் அது வெந்நீர். கிணற்றுத் தண்ணீர் ஒரே சூட்டில் இருப்பதால் எல்லா டம்ளரும் ஒரே நிலைக்கு வரும்.

உப்புப் போட்டும் தண்ணியாகவே நிற்கிறது

முதலில் கேட்க வேண்டியது: வாங்கியது எந்த எஸ்எல்இஎஸ்? பசை போல, கரண்டியில் கோரினால் ஒட்டிக்கொண்டு வருவது 70%. கேனில் ஊற்றித் தருகிற நீர்ம வகை 28%. சீட்டில் "எஸ்எல்இஎஸ் 1 கிலோ, உப்பு அரை கிலோ, தண்ணீர் 8 லிட்டர்" என்று எழுதியிருந்தால் அது பசைக்கான அளவு: 0.7 கிலோ சத்து, மொத்தம் 9.5 கிலோவில் 7.4%. அதே சீட்டுக்கு 28% வகையை ஊற்றினால் சத்து 2.9% மட்டும். இழை விடுவதற்கு ஆளே இல்லாத இடத்தில் உப்பு என்ன செய்யும்? 5 சதவீதத்துக்குக் கீழே போனால் உப்பை நம்பிப் பயனில்லை.

பசையைக் கூட்டுங்கள், அல்லது துணைச் சோப்புச் சத்தான பீட்டைன் சேருங்கள். பீட்டைன் மூலக்கூறில் நேர்மின்னும் எதிர்மின்னும் இரண்டும் இருப்பதால் எஸ்எல்இஎஸ் தலைகளுக்கு நடுவே புகுந்து தள்ளலைக் குறைக்கும். உப்பு செய்ய வேண்டிய வேலையில் பாதியை அதுவே செய்துவிடும். எஸ்எல்இஎஸ் மட்டும் 10 சதவீதம் பக்கம் இருந்தால் உச்சிக்குப் போக 4 முதல் 6% உப்பு கேட்கும்; பீட்டைன் சேர்ந்தால் 1.5 முதல் 3-லேயே வந்துவிடும்.

10 கிலோ கைகழுவும் திரவத்துக்கு நின்று பிடிக்கிற ஓர் அளவு: எஸ்எல்இஎஸ் 70% பசை 1.4 கிலோ, பீட்டைன் 30% 600 கிராம், கிளிசரின் 100 கிராம், வாசனை 30 கிராம், கெடாமல் காக்கும் மருந்து அதன் சீட்டில் உள்ளபடி, சிட்ரிக் அமிலம் பிஎச் 5.5–6 வரும் அளவு, உப்பு 150-ல் தொடங்கி 250 கிராம் வரை, மீதி தண்ணீர். பீட்டைனிலேயே தயாரிக்கும்போது உண்டான உப்பு 5 சதவீதம் போலக் கிடக்கிறது. 600 கிராமில் 30 கிராம் உப்பு சொல்லாமல் வந்துவிடுகிறது. பீட்டைனைக் கூட்டிவிட்டு உப்பைப் பழைய அளவிலேயே போடுகிறவர்கள் அடுத்த பத்திக்கு வாருங்கள்.

நன்றாக இருந்தது, இன்னொரு கை போட்டதும் இளகிவிட்டது

உச்சியைத் தாண்டிவிட்டீர்கள். இனி எவ்வளவு போட்டாலும் கீழேதான்.

சரியான மருந்து, உப்பில்லாத மூலக் கரைசல். 50 கிலோவில் 5.5% உப்பு ஏறிவிட்டது, வேண்டியது 3% என்றால்: 50 × 5.5 = 275; அதை 3-ஆல் வகுத்தால் 91.7. ஆக, அதே சோப்புச் சத்துள்ள, உப்பே போடாத கரைசல் 41.7 கிலோ சேர்க்க வேண்டும். சரக்கு இரண்டு மடங்காகிறதே என்று தோன்றும்; அதுதான் ஒரு கை உப்பின் விலை. பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் சரிசெய்து விற்றுவிட்டு மறுபாதியை அடுத்த வாரம் எடுக்கலாம்.

வெறும் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டுவதும் வேலை செய்யும், கொஞ்ச தூரம் வரை. உப்பு 3.4, வேண்டியது 3.1 என்கிற அளவுச் சறுக்கலுக்கு அது போதும். அதற்கு மேலே போனால் சோப்புச் சத்தும் சேர்ந்து குறையும், கழுவும் திறன் போகும்.

இந்த வம்பே வராமல் இருக்க, ஒவ்வொரு புதுக் கொள்முதலுக்கும் ஒருமுறை உப்பு ஏணி போட்டுப் பாருங்கள். மூலக் கரைசலில் உப்புப் போடாமல் ஏழு டம்ளர், 100 கிராம் வீதம். முதல் டம்ளருக்கு ஒன்றும் இல்லை. அடுத்தடுத்து 2, 4, 6, 8, 10, 12 கிராம் உப்புக் கரைசல். பால்ஸ் விட்டு வினாடி குறித்துக்கொள்ளுங்கள். எட்டு கிராமில் உச்சி வந்தால் உங்கள் உச்சி ஏறத்தாழ 2%. நிறுத்த வேண்டிய இடம் 1.5 முதல் 1.7. உச்சியிலேயே நிறுத்தாதீர்கள். அங்கே வாசனை, வெயில், தண்ணீர் என்று எது கொஞ்சம் அசைந்தாலும் சறுக்கும், அதுவும் திரும்பி ஏற முடியாத பக்கம்.

அண்டாவில் போடும்போது கணக்கிட்ட உப்பில் 70% முதலில். கலக்கி, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தைச் சிறிது சிறிதாக. எப்போதும் கரைசலாகப் போடுங்கள். உலர்ந்த உப்பை வீசினால் விழுந்த இடத்தில் உப்பு மிஞ்சிக் கலங்கல் திட்டு விழும். அது கரைந்து பரவும் முன் "இன்னும் போதவில்லை" என்று அடுத்த கை விழுந்துவிடும்.

பாளையங்கோட்டையில் கெட்டி, கடலோரத்தில் இளகல்

பொதிகையிலிருந்து இறங்கி வருகிற ஆற்று நீர் மென்மையானது. ராதாபுரம், திசையன்விளை, உவரிப் பக்கம் பல கிணறுகளில் இறைப்பது உப்புத் தண்ணீர். டிடிஎஸ் மீட்டரில் 2000 காட்டினால் ஒரு லிட்டரில் 2 கிராம் உப்பு கரைந்து கிடக்கிறது. 50 லிட்டரில் 100 கிராம், அதாவது 0.2%. உச்சிக்கும் நிறுத்தும் இடத்துக்கும் நடுவே நாம் விட்டு வைத்ததே 0.3 முதல் 0.5 தான். அதில் பாதியைத் தண்ணீர் தின்றுவிட்டது.

கணக்கு இதோடு நிற்காது. அந்த 2 கிராமில் கால்சியமும் மக்னீசியமும் உண்டு. இரட்டை ஏற்றம் கொண்ட அயனி, சோடியத்தைவிடப் பல மடங்கு பலமாகத் தலைகளைப் பிடிக்கும். எனவே மீட்டர் காட்டும் எண்ணைவிடத் தண்ணீர் செய்யும் வேலை அதிகம். ஒரே கிணறே சித்திரை வைகாசியில் ஒரு குணம், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு குணம். ஆண்டு முழுக்க ஒரே அளவுச் சீட்டு வைத்துக்கொண்டு, "போன தடவை நல்லா வந்ததே" என்று சரக்குக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் கிணற்றை விசாரிக்கவும்.

வழி: கலக்குவதற்கு மட்டுமாவது ஆர்ஓ தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ பயன்படுத்துங்கள். ஆர்ஓ கருவி வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரைச் சிக்கனம் என்று இதில் ஊற்றாதீர்கள். கிணற்று உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான். வேறு வழியே இல்லை என்றால் அந்தத் தண்ணீரிலேயே உப்பு ஏணி போட்டு, அதன் உச்சியைக் கண்டுபிடித்து, அதற்குத் தனிச் சீட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூத்துக்குடி பக்கத்திலேயே இருப்பதால் கல்லுப்பு மலிவு. ஆனால் உப்பளத்துக் கல்லுப்பில் மக்னீசியம், கால்சியம், சேறு, ஈரம் நான்கும் இருக்கும். மழைக்காலத்தில் பிசுபிசுக்கிற உப்பில் எடையின் ஒரு பங்கு தண்ணீர். கல்லுப்பையே எடுத்தால் கரைசலாக்கி, ஒரு ராத்திரி தெளியவிட்டு, மேலே உள்ளதை வேட்டித் துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். மூட்டை மாறினால் ஏணியும் மறுபடி.

காலையில் கெட்டி, மதியம் தண்ணி

கோளாறு எதுவும் இல்லை. சூடு ஏற ஏற இழைகள் குட்டையாகி, அறுந்து ஒட்டுவதும் வேகமாகும். கெட்டி மளமளவென்று இறங்கும். விடியற்காலை 25 டிகிரியில் அளந்ததை அக்கினி நட்சத்திர மதியம் 40 டிகிரியில் அளந்தால் பாதிக்கும் கீழே போயிருக்கும். ஆறினால் திரும்பி வரும். சூட்டில் அளந்து, இளகல் என்று உப்பைக் கூட்டி, ராத்திரி ஆறியதும் உறைந்த கூழாக எழுவது பழைய கதை. உப்பு ஏணிக்கு எந்தச் சூடு வைத்தீர்களோ, அந்தச் சூட்டிலேயே எப்போதும் அளந்து முடிவெடுங்கள்.

ஆசிட் சிலரியை (சோப்புச் சத்தின் அமில வடிவம்) காஸ்டிக் சோடாவில் நடுநிலையாக்கும் பாத்திரத் திரவத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அந்த வினையே அண்டாவைச் சூடாக்கும். 1 கிலோ சிலரிக்கு சுமார் 120 கிராம் காஸ்டிக் பிடிக்கும். காஸ்டிக்கைத் தனியே தண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பிஎச் பார்த்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் உப்பு. சிலரியில் மிச்சம் கிடக்கிற கந்தக அமிலம் காஸ்டிக்கோடு சேர்ந்து சோடியம் சல்பேட்டாக மாறியிருக்கும். அதுவும் உப்புதான், அதுவும் மலையேறும்.

பால் போலக் கலங்கிவிட்டது

எப்போது கலங்கியது என்பதில் விடை இருக்கிறது.

தண்ணீரில் சிலரிக் கலவையைச் சேர்த்த உடனே கலங்கினால் கடினத் தண்ணீர். கால்சியம், சிலரியிலிருந்து வரும் சோப்புச் சத்தைப் பிடித்துக் கரையாத வெண்துகளாக்குகிறது. கடினத்தன்மை 500 பிபிஎம் என்றால் லிட்டருக்கு சுமார் 3.5 கிராம் சோப்புச் சத்து வரை வீணாகலாம். 50 லிட்டருக்கு 175 கிராம். லிட்டருக்கு 1.9 கிராம் டைசோடியம் ஈடிடிஏ அந்தக் கால்சியம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அதைத் தண்ணீரில் முதலில் போட்டுக் கரையவிட்ட பிறகுதான் மற்றது. பிஎச் கொஞ்சம் இறங்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எல்இஎஸ் கடினத் தண்ணீரை நன்றாகத் தாங்கும். அது மட்டுமே உள்ள திரவத்தில் கலங்கலுக்குத் தண்ணீரைப் பழி சொல்ல வேண்டாம்.

உப்புக்குப் பிறகு கலங்கினால் மிஞ்சிய உப்பு. மேலே சொன்ன மருந்து. வாசனைக்குப் பிறகு கலங்கினால் எண்ணெய் கரையவில்லை. வாசனையைக் கொஞ்சம் பீட்டைனிலோ பசையிலோ குழைத்துக்கொண்டு சேர்த்திருக்க வேண்டும். மார்கழி விடியலில் வெள்ளையாகி, வெயில் ஏறியதும் தெளிந்தால், எஸ்எல்இஎஸ் என்ற பேரில் அதன் பங்காளியான எஸ்எல்எஸ் (சோடியம் லாரில் சல்பேட்) பவுடரோ ஊசியோ கலந்திருக்கிறீர்கள். அது குளிரில் படிகமாகும், உப்புக் கூடக் கூட இன்னும் அதிகச் சூட்டிலேயே படிகமாகும்.

கண்ணாடித் துண்டு போலக் கட்டிகள் மிதக்கின்றன

பசை கரையவில்லை. 70% பசைக்குள் மூலக்கூறுகள் தகடு தகடாக அடுக்கியிருப்பதால் ஒருவிதத்தில் அது இளக்கம்தான். தண்ணீர் சேர்ந்து 60-லிருந்து 30 சதவீதம் வரை இறங்கும் வழியில், குழல்கள் விறகுக்கட்டு போல நெருங்கி அடுக்கிய நிலை ஒன்றைத் தாண்ட வேண்டும். அது பசையைவிடக் கெட்டி, கம்பு நட்டால் நிற்கும். பசை மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் அந்த நிலையிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

தலைகீழாகச் செய்யுங்கள்: முழுத் தண்ணீரும் அண்டாவில், பசையைச் சின்னச் சின்ன உருண்டையாக அதில். துடுப்பால் நுரை எழும்பாமல் அவ்வப்போது புரட்டிவிட்டு ஒரு ராத்திரி மூடி வைத்தால் தானே கரைந்திருக்கும். கட்டி கரையும் முன் உப்புப் போட்டால் கட்டியைச் சுற்றிக் கெட்டிப்பட்டு, இன்னும் இரண்டு நாள் ஆகும்.

கம்பிப் பதம் போல நூல் விடுகிறது

பாட்டிலைக் கவிழ்த்தால் நூலாக வந்து, நிறுத்தினால் சடக்கென்று பின்வாங்குகிறது. டம்ளரைச் சுழற்றி நிறுத்தினால் உள்ளே உள்ள குமிழ் போன வழியே கொஞ்சம் திரும்பி வருகிறது. இழைகள் மிக நீளமாகி, அறுந்து ஒட்டுவது மந்தமாகிவிட்டது என்று பொருள். 1987-ல் கேட்ஸ் எழுதிய உயிர் இழைக் கோட்பாடு சொல்வது இதைத்தான்: இழை ஊர்ந்து வெளியேறுவதும் அறுந்து ஒட்டுவதும் சேர்ந்தே ஓட்டத்தின் நிதானத்தைத் தீர்மானிக்கின்றன. வாங்குகிறவர் கண்ணுக்கு இது சளி. பம்ப் பாட்டிலின் மூக்கில் தொங்கும்.

இது உச்சிக்கு மிக அருகே நிற்பதன் அடையாளம். மூலக் கரைசல் சேர்த்து உப்பைக் கால் சதவீதம் இறக்குங்கள். அப்படியும் நூல் விட்டால் கிளிசரினையோ புரோப்பிலீன் கிளைக்காலையோ 1% கூட்டுங்கள். இரண்டும் இழையைக் குட்டையாக்கும்.

வாசனை போட்டதும் இளகியது

எண்ணெய்த் துளி இழைக்குள் புகுந்து அதை மறுபடி உருண்டையாக்கிவிட்டது. வாசனை கரைந்து வருகிற கரைப்பானும் சேர்ந்து இளக்கும். எலுமிச்சை ஒரு மாதிரி, மல்லிகை ஒரு மாதிரி; ஒவ்வொன்றும் உச்சியை வேறு இடத்துக்குத் தள்ளும். எனவே வரிசை முக்கியம்: தண்ணீர், ஈடிடிஏ, பசை, பீட்டைன், வாசனை, கெடாமல் காக்கும் மருந்து, நிறம், பிஎச், கடைசியில் உப்பு. உப்பை முதலில் போட்டு முடித்துவிட்டு மணம் சேர்க்கிறவர் கணக்கைப் போட்டுவிட்டுக் கேள்வியை மாற்றுகிறவர்.

குமிழ் இறங்கவே இல்லை

வேகமாகக் கலக்கிவிட்டீர்கள், கெட்டியான பிறகு காற்று வெளியேற வழியில்லை. வெயிலில் ஒரு மதியம் மூடி வையுங்கள், இளகும்போது ஏறிவிடும். அடுத்த முறை உப்புக்கு முன்பே குமிழ் அடங்க விடுங்கள்.

பத்து நாளில் இளகி, நாற்றமும் வருகிறது

கிருமி, அல்லது அமிலம். பிஎச் காகிதம் வைத்துப் பாருங்கள். 4-க்குக் கீழே இறங்கியிருந்தால் எஸ்எல்இஎஸ் சிதைகிறது; சிதைவதில் அமிலமே உண்டாவதால் அது தன்னைத்தானே ஓட்டிக்கொண்டு போகும். பிஎச் சரியாக இருந்தும் நாற்றம் என்றால் கெடாமல் காக்கும் மருந்து போதவில்லை. உப்பு அந்த வேலையைச் செய்யும் என்று ஊறுகாய்க் கணக்கு போடாதீர்கள். 2% உப்பில் எந்தக் கிருமியும் சாகாது. இந்தச் சரக்கைக் காப்பாற்ற வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

கெட்டியாகத்தான் இருக்கிறது, நுரையும் இல்லை, கழுவவும் இல்லை

உப்பை வைத்துச் சத்தைக் குறைத்த சரக்கு. கெட்டி என்பது உருவம், பலம் அல்ல. உப்பு ஒரு நல்லதும் செய்கிறது: மைசெல் கூடத் தேவையான குறைந்த அளவை அது இறக்குகிறது. எஸ்எல்எஸ்-க்கு வெறும் தண்ணீரில் லிட்டருக்கு 2.3 கிராம் தேவை, லிட்டருக்கு 5.8 கிராம் உப்பு சேர்ந்தால் அரைக் கிராமுக்கும் கீழே போதும். ஆனால் தட்டில் உள்ள எண்ணெயைச் சுமக்க மூலக்கூறு வேண்டும், அதை உப்பு தராது. வாங்குகிறவர்கள் பாட்டிலைக் கவிழ்த்துக் கெட்டி பார்க்கிறவரை இந்தச் சரக்கு விற்கத்தான் செய்யும்.

கண்டிஷனரும் ஜெல்லும் உப்புப் போட்டதும் குலைந்தன

அவை இந்தக் குடும்பமே இல்லை. முடிக்குப் போடும் கண்டிஷனரில் நேர்மின் தலையும் கொழுப்பு ஆல்கஹாலும் தகடாக அடுக்கிக் கெட்டிப்படுகின்றன. உப்பு அந்த அடுக்கைக் கலைத்துவிடும். கார்போமர் (ஜெல்லைத் தடிக்க வைக்கும் பாலிமர்) ஜெல்லில் அதன் சங்கிலிகள் தம் மின்னேற்றத்தால் ஒன்றை ஒன்று தள்ளி விரிந்து நிற்பதுதான் கெட்டி. உப்பு தள்ளலைத் தணித்ததும் சுருண்டு விழும். எஸ்எல்இஎஸ்-ஸைத் தடிக்க வைத்த அதே தணிப்பு இங்கே இளக்குகிறது. கார்போமர் போட்ட திரவத்தை உப்பால் சரிக்கட்ட முயன்று தண்ணீராக்கியவர்கள் இன்னொரு கை உப்பைப் போடாமல், உப்பு நீக்கிய தண்ணீரில் புதிதாக ஊறவைத்து ஆரம்பிக்கட்டும். கலந்த உப்பை அண்டாவிலிருந்து திரும்ப எடுக்க வழியில்லை. குலைந்ததைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம்.